இரட்சிக்கப்பட்டவருக்குக் கை நடுங்குமா?

யாழ்ப்பாணத்தில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஆராதனைக்குப் போகிறவள்தான். இங்கே சொல்லப்போகிறவரின் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் மூன்று வருடமாகச் சபையில் சாட்சி சொல்லி வந்தார். "முந்திக் குடிச்சனான், இப்ப கர்த்தர் விடுதலை தந்திட்டார்." முதல் வருடம் அது உண்மை. பிறகு ஒரு கலியாண வீட்டில் தொடங்கியது, கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்த போத்தலில் வந்து நின்றது. மனைவிக்குத் தெரியும். சாட்சி மட்டும் நிற்கவில்லை, ஏனென்றால் அதை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள்.

குற்ற உணர்வு தாங்காமல் ஒருநாள் அவரே முடிவெடுத்தார்: மூன்று நாள் உபவாசம், ஒரு சொட்டும் தொடுவதில்லை. முதல் நாள் பின்னேரமே கை நடுங்கி வியர்த்தது. இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. பிசாசு அலைக்கழிக்கிறது என்று வீட்டில் கூடி ஜெபித்தார்கள். பக்கத்து வீட்டுச் சைவக்கார அம்மாதான் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டவர்.

வைத்தியசாலையில் இருந்து என்னிடம் அனுப்பியபோது அவர் கேட்ட முதல் கேள்வி இது: "மிஸ், அப்ப நான் இரட்சிக்கப்படவே இல்லையோ?"

விசுவாசி பாவத்துக்கு அடிமையாக இருக்க முடியாது என்று சொல்பவர்கள், அப்போஸ்தலன் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தில் ரோமர் 6:14ஐக் காட்டுவார்கள்: பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது. நல்ல வசனம். ஆனால் இரண்டு வசனம் முன்னால், அதே விசுவாசிகளிடம்தான் பவுல் பாவம் உங்கள் சரீரத்தில் ஆளாதிருப்பதாக என்கிறார். நடக்கவே முடியாத ஒன்றை யாராவது வேண்டாம் என்று சொல்வார்களா? கிரேத்தாத் தீவில் இருந்த தன் உடன் ஊழியன் தீத்துவுக்கு எழுதும்போது, சபையின் முதிய பெண்கள் மதுபானத்துக்கு அடிமைப்படாதவர்களாக இருக்க வேண்டும் என்றார். அடிமை என்ற அதே சொல், சபைக்குள்ளே இருக்கிறவர்களைப் பார்த்து. (எங்கள் ஊர்ப் பெரியம்மாமாரிடம் ஒரு போதகர் இதைச் சொன்னால் அடுத்த ஞாயிறு சபை இரண்டாகும்.)

ரோமர் 7இல் விரும்பாததையே செய்கிறேன் என்று புலம்புவது யார் என்பதில் பெரியவர்களே ஒத்துப்போகவில்லை. பழைய காலத்து ஆயர் அகுஸ்தீன் முதலில் அது கிருபைக்கு வெளியே நிற்கிறவனின் குரல் என்றார், பிறகு விசுவாசியின் குரலும்தான் என்று மாற்றிக்கொண்டார். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி அதை நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) கீழ் இருக்கிறவனின் நிலையாகவே வாசித்தார். அந்த வழக்கைத் தீர்க்க என்னால் ஆகாது. எனக்குப் பழைய ஏற்பாட்டின் எண்ணாகமம் 11 போதும். எகிப்தை விட்டு வெளியேறிய சனம் வனாந்தரத்தில் நின்று வெள்ளரிக்காய்க்கும் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் அழுகிறது. பார்வோன் இனி அவர்களுக்கு எசமான் இல்லை. நாக்கு மட்டும் இன்னும் எகிப்தில் இருக்கிறது. அவரிடமும் இதைத்தான் சொன்னேன். நீங்கள் யாருடையவர் என்பது ஒரு கேள்வி, உங்களை இப்போது எது பிடித்து வைத்திருக்கிறது என்பது வேறு கேள்வி.

இனி உடம்பின் கதை. இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மது மூளையின் வேகத்தைக் குறைக்கும். தினமும் குடித்தால், அந்தத் தடையை மீறி ஓடுவதற்கு மூளை தன் வேகத்தைக் கூட்டிப் பழகிவிடும். பிரேக்கை மிதித்தபடியே ஓடப் பழகிய வாகனம் மாதிரி. திடீரென்று பிரேக்கை எடுத்தால் என்ன ஆகும்? கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு, நித்திரையின்மை. பெரும்பாலும் 12 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் தொடங்கி நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சிகளும் ஆட்களும் தெரிவார்கள், காய்ச்சலடிக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். பிசாசு என்று எங்கள் ஆட்கள் பயப்படுவது அனேகமாக இந்த நாட்களில்தான்.

இதற்கு மேல் உபவாசம். நீண்டகாலம் குடிப்பவர்களுக்கு விற்றமின் பி1 ஏற்கனவே குறைவு. சாப்பாட்டையும் நிறுத்தினால் நடை தள்ளாடும், கண் அசைவு குழம்பும், சிலருக்கு ஞாபகசக்தி திரும்பி வராமலே போகும். வைத்தியசாலையில் பி1 ஊசி போடுவதும், சில நாட்களுக்கு மருந்து தந்து படிப்படியாகக் குறைப்பதும் இதற்காகத்தான். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. தினமும் குடிக்கிறவர் நிறுத்த நினைத்தால், நிறுத்துவதற்கு முன்னமே ஒரு வைத்தியரோடு கதைக்க வேண்டும். வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்துவிட்டால் 1990. ஜெபிக்கத்தான் வேண்டும், அதை அம்புலன்ஸுக்குள் இருந்தும் செய்யலாம்.

மருந்து எடுப்பது அவிசுவாசம் என்கிறவர்களிடம் மானிப்பாயைப் பாருங்கள் என்பேன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் ஒரு மிஷனரி. மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர். அவருக்கு வேதமும் மருந்தும் ஒன்றோடொன்று முட்டவில்லை.

அதற்காக எல்லாம் வியாதிதான், பாவம் என்று ஒன்றுமில்லை என்று சொல்லவும் நான் தயாரில்லை. அவர் மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்தது நடுக்கத்தினால் அல்ல, அதை அவரே ஒத்துக்கொண்டார். தெரிவும் நோயும் ஒரே ஆளுக்குள் பின்னிக் கிடக்கும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிற சபையிலும் சரி, கிளினிக்கிலும் சரி, ஆள் குணமாவது கடினம். கைத்தொலைபேசியில் சூதாடுகிறவர், இரவிரவாக ஆபாசம் பார்க்கிறவர் என்று என்னிடம் வரும் மற்ற விசுவாசிகளுக்கு வலிப்பு வராது, ஆனால் ஒளித்து வைக்கிற கதை அதேதான்.

அவர் இப்போது குடிக்காமல் ஏழு மாதம். நடுவில் ஒருமுறை தவறினார், அடுத்த நாளே வந்து சொன்னார். போன கிழமை மனைவி மட்டும் வந்திருந்தா.

"மிஸ், வருசக் கூட்டத்தில திருப்பியும் சாட்சி சொல்லட்டாம் எண்டு சபையில கேக்கினம். என்ன சொல்லுறது?"

"இப்போதைக்கு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

அவவின் முகத்தில் அன்றுதான் முதல்தடவையாகச் சிரிப்பைக் கண்டேன்.