இரண்டாவது அம்பு

"மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். புத்தர் சொன்ன தியானத்தை இப்போது மனநல மருத்துவர்களே சொல்லித் தருகிறார்களாமே, மாத்திரையை விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். உங்கள் மருத்துவரைக் கேட்காமல் விடாதீர்கள். மற்றபடி, நீங்கள் கேள்விப்பட்டது சரிதான்.

1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஸின் என்பவர் நாள்பட்ட வலியால் அவதிப்பட்டவர்களுக்குச் சில வாரப் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தார். பௌத்த தியானத்திலிருந்து கவனப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டார். அப்புறம் சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய மூன்று உளவியலாளர்கள் மனச்சோர்விலிருந்து தேறியவர்களுக்கு அது மறுபடி வராமல் தடுக்க இதை மாற்றியமைத்தார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிப் பேசுகிறார். உடலில் வரும் வலி முதல் அம்பு. அதை நினைத்துப் புலம்பித் தவிப்பது இரண்டாவது. பௌத்த உளவியலின்படி, ஏதாவது ஒன்று நம் புலன்களைத் தொட்டதுமே இனிமை, கசப்பு, இரண்டுமில்லாதது என ஓர் உணர்வு எழும். அதன் பின்னாலேயே 'இது வேண்டும்', 'இது தொலையட்டும்' என்ற வேட்கை வரும். உணர்வு எழுவதை நாம் தடுக்க முடியாது. அதற்கும் வேட்கைக்கும் நடுவில்தான் பயிற்சிக்கு இடம்.

பலமுறை மனச்சோர்வு வந்தவருக்கு அந்த இடைவெளி ஏறக்குறைய மூடிக்கிடக்கிறது. ஒருநாள் காலையில் காரணமில்லாமல் மனம் மந்தமாக இருக்கிறது. யாருக்கும் வருவதுதான். ஆனால் இவருக்கு அதோடு ஒட்டிக்கொண்டு 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற பழைய எண்ணமும் வந்துவிடும். ஏன் இப்படி என்று யோசிக்கத் தொடங்குவார். கணக்குப் போட்டுத் தீர்க்கப் பார்ப்பார். அந்த யோசனையே துயரத்துக்குத் தீனி. பயிற்சியில் அவர் அந்த எண்ணத்தோடு வாதாடுவதில்லை. 'லாயக்கில்லை என்றொரு எண்ணம் வந்திருக்கிறது' என்று கவனித்துவிட்டு மூச்சுக்குத் திரும்புகிறார். மனம் மறுபடி ஓடும், மறுபடி திரும்புவார். மனத்தைக் காலியாக்க வேண்டும் என்பது வெறும் கட்டுக்கதை. ஓடிப்போனதைக் கண்டுகொள்கிற அந்தக் கணம்தான் பயிற்சியே.

2000-ல் வெளிவந்த ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்டவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 66 சதவீதத்தினருக்கு 60 வாரங்களுக்குள் நோய் திரும்பியது. இந்தப் பயிற்சியும் பெற்றவர்களில் அது சுமார் 40 சதவீதம். இரண்டே முறை வந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. எனக்கு இந்தத் தோல்விதான் ரொம்பப் பிடித்தது. மந்தத்துக்கும் பழைய எண்ணத்துக்குமான முடிச்சு ஒவ்வொரு முறையும் இறுகுகிறது என்ற விளக்கத்தோடு அது பொருந்திப்போகிறது.

எல்லா நோய்க்கும் இதையே மருந்தாக விற்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. பிரிட்டன் பள்ளிகளில் பல ஆயிரம் பிள்ளைகளிடம் நடத்தி 2022-ல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான வகுப்புகளைவிட இது மேலாக இல்லை. பக்கவிளைவுகளை ஆராய இன்னும் நிறைய நிதி வேண்டும். கடும் அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்தால் பழைய காட்சிகள் பீறிட்டு வரலாம். அவர்கள் தேர்ந்த சிகிச்சையாளரோடு, கண்ணைத் திறந்தபடி, பாதம் தரையில் படுவதைக் கவனிப்பதிலிருந்து தொடங்குவது நல்லது.