பாதம் எரிந்தால் இனிப்பு நீர் மட்டும்தானா?

"மிஸ்ஸி, பாதம் ரெண்டும் திகுதிகுன்னு எரியுது. இனிப்பு நீர்தானே?"

சில மாதங்களுக்கு முன், பஹாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் கேட்டார். நான் தாதி இல்லை, உணவியலாளர்; ஆனாலும் இங்கே எல்லாருக்கும் மிஸ்ஸிதான். ரத்தத்தில் சீனி அளவு சரியாகவே இருந்தது; இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இல்லை. அவர் எழுந்து போன பிறகு அவர் மனைவி கதவருகே நின்று மெல்லச் சொன்னார்: "சாயந்திரம் ஆனா சம்சு. அப்புறம் சோத்தையே தொடுறதில்ல மிஸ்ஸி." சம்சு என்றால் மலிவுச் சாராயம்.

டாக்டரிடம் சொன்னேன். வைட்டமின் பி1, அதாவது தையமின், குறைந்திருக்கிறது என்று அன்றே சிகிச்சை தொடங்கினார்.

இந்தக் குறை முற்றினால் வருவதுதான் பெரிபெரி. கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இதயமே தளர்ந்துவிடும். அன்றைய மலாயாவில் ஆயிரக்கணக்கானோர் இதில் மாண்டார்கள். அதன் காரணத்தைத் தேடிய கதையில் நம்மவர் உண்ட சோற்றுக்கும் இடம் உண்டு. நம் நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன், வெள்ளை அரிசி, அதாவது புழுக்காமல் தீட்டிய அரிசி, உண்ட சீனத் தொழிலாளர்களுக்கு நோய் வருவதையும், புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களுக்கு அது அபூர்வம் என்பதையும் கவனித்தார். அரிசியில் ஏதோ நஞ்சு என்று அவர் நினைத்தது தவறு. ஆனால் கண்டது உண்மை.

1907-இல் ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரு மருத்துவர்கள் இதே மாநிலத்தின் டுரியான் திப்புஸில் சாலை போட்ட சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கல். வெள்ளை அரிசிக்காரர்களுக்குத்தான் பெரிபெரி வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். நோயும் பிரிவு மாறியது!

நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 நீரோடு சேர்ந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. அந்தச் சத்தைத் தனியே பிரித்தெடுத்தது 1926-இல்தான். நம் பாட்டிமார் அதற்கெல்லாம் முன்பே புழுங்கல் பொங்கி, வடிகஞ்சியையும் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடித்தார்கள். பி1 நீரில் கரையும், ஆகவே கஞ்சியிலும் அது இருக்கும். அரிசியை நாலைந்து தடவை கழுவாதீர்கள். சரி, புழுங்கலும் அரிசிதான். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அளவு முக்கியம்.

இன்று பலவகை உணவு கிடைப்பதால் பெரிபெரி அரிது. எனக்குக் கவலை, குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுப்பவர்கள்மேல்தான். சாராயம் பி1-ஐக் குடலில் சேரவிடாது, உணவு இல்லாவிட்டால் வருவதும் நின்றுபோகும். கர்ப்பத்தில் ஓயாமல் வாந்தி எடுக்கும் பெண்களும் கவனமாக இருக்க வேண்டும்.

குடிப்பவர் ஒருவர் போதையில்லாத நேரத்திலும் தள்ளாடினால், பேச்சு குழம்பினால், கண் ஆடினால் அல்லது பார்வை இரண்டாகத் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே ஊசி வழியாக பி1 கொடுப்பார்கள்; தாமதித்தால் ஞாபகசக்தி நிரந்தரமாகக் கெடலாம். தினமும் அதிகம் குடிப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

நரம்பு தேற மாதக்கணக்கில் ஆகும். அண்ணனுக்கு எரிச்சல் குறைந்திருக்கிறது, மரப்பு இன்னும் போகவில்லை. மருந்து வாங்க வரும்போது இப்போதெல்லாம் அக்காவும் உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்காருகிறார்.