துறைமுக வாயிலுக்கு முன்னால் கழியும் நேரம் யார் கணக்கில்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஏற்றுமதிச் சரக்கு முகவர்களான எங்கள் அலுவலகம் அமர்த்தியிருந்த டிரெய்லரைத் தேடி, வடசென்னையில் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் சாலையொன்றில் இருசக்கர வாகனத்தில் போனேன். திருப்பூர்ப் பின்னலாடைகள் ஏற்றிய நாற்பதடிக் கன்டெய்னர் அது. கப்பலுக்கான கட்-ஆஃப், அதாவது பெட்டி துறைமுகத்துக்குள் போயாக வேண்டிய கடைசி நேரம், மறுநாள் காலை. ஓட்டுநர் பின்சக்கரங்களின் ஓரமாக ஸ்டவ்வை வைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். மதியம் இரண்டு மணிக்கு வந்து நின்றதாகவும், அதுவரை நான்கு வண்டி நீளம்தான் நகர்ந்திருப்பதாகவும் சொன்னார்; அவர் குரலில் கோபம்கூட இல்லை.

வரிசையின் தலைப்பக்கம் வரை நடந்து போனேன். வாயிலில் நின்றிருந்த ஒரு டிரெய்லருக்குச் சரிபார்க்கப்பட்ட மொத்த எடைச் சான்று, அதாவது தொழிலில் வி.ஜி.எம். என்று சொல்லப்படுவது, பதிவாகியிருக்கவில்லை. 2016 ஜூலை 1 முதல் அந்தச் சான்று இல்லாத ஏற்றுமதிக் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சர்வதேச விதி. ஆகவே உள்ளே விட மறுத்தவர் மீது தவறில்லை. ஆனால் பின்னால் நெருக்கியடித்து வண்டிகள் நின்றதால் அந்த டிரெய்லரால் திரும்பிப் போகவும் முடியவில்லை. ஏறத்தாழ ஐம்பது நிமிடம் அந்தத் தடத்தில் எதுவும் அசையவில்லை. கன்டெய்னரை எடைபோட்டோ, உள்ளிருக்கும் சரக்கின் எடையோடு காலிப்பெட்டியின் எடையைக் கூட்டியோ முந்தைய நாளே அனுப்பியிருக்க வேண்டிய ஓர் எண்ணுக்காக, அதனோடு தொடர்பே இல்லாத பல நூறு பேர் காத்திருந்தார்கள். அது எங்கள் வண்டியன்று. ஆனால் அதே தவறை வேறு நாட்களில் நாங்களும் செய்திருக்கிறோம்.

துறைமுக நெரிசல் என்றதும் சாலை போதவில்லை என்று சொல்லிவிடுவது வழக்கம். சென்னையைப் பொறுத்தவரை அதில் பெருமளவு உண்மை இருக்கிறது. 1983-இல் கன்டெய்னர் முனையம் தொடங்கப்பட்ட துறைமுகத்தின் மூன்று பக்கமும் நகரம் நெருக்கி நிற்கிறது, நான்காவது பக்கம் கடல். திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளின் சரக்கு மாதவரம், மணலி, எண்ணூர் விரைவுச்சாலை என்று வடக்கே சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது. ஆனாலும், எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்கும் இன்னொரு காரணமும் உண்டு. வார இறுதியில் புறப்படும் கப்பலுக்கான சரக்கைத் தொழிற்சாலைகள் வியாழன், வெள்ளியில்தான் பெட்டியில் அடைக்கின்றன. நகருக்குள் பகலில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அவை எல்லாம் ஒரே இரவில் வந்து குவிகின்றன. இந்தக் குவியலைச் சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் கரைக்க முடியாது.

அரசுத் துறைகள் கூடிச் செயல்பட்ட அனுபவம் நமக்கு இல்லாமல் இல்லை. எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டத்தில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், தமிழக அரசு, சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம் ஆகிய நான்கும் பங்குதாரர்கள். அதற்கெனத் தனி நிறுவனமே அமைக்கப்பட்டது. ஆனால் 1990-களின் இறுதியில் பேசத் தொடங்கிய முப்பது கிலோமீட்டர்ச் சாலைப் பணி, நிலம் எடுப்பதிலும் கரையோர மீனவக் குடும்பங்களின் மறுகுடியமர்வு முடிவாவதிலும் பத்தாண்டுகளுக்கு மேல் இழுபட்டது. துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலையின் கதை இன்னும் நீளம்: 2009-இல் அடிக்கல் நாட்டப்பட்டது, கூவத்தில் தூண்கள் அமைவது குறித்த ஆட்சேபத்தால் 2012-இல் மாநில அரசு பணியை நிறுத்தியது, 2014-இல் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியும் வேலை நகரவில்லை. 2022 மே மாதத்தில்தான் நெடுஞ்சாலை ஆணையம், துறைமுகம், தமிழக அரசு, கடற்படை ஆகிய நான்கு தரப்பும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 5,800 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட மதிப்பில், கீழடுக்கில் நகரப் போக்குவரத்தும் மேலடுக்கில் துறைமுக லாரிகளும் செல்லும்படி, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் நீள ஈரடுக்குச் சாலைக்குப் புதிதாக அடிக்கல் நாட்டப்பட்டது. பாதியில் நின்றுபோன தூண்களைக் கூவத்தில் பார்த்துக்கொண்டே பத்தாண்டு அலுவலகம் போனவர்களில் நானும் ஒருவன்.

நான்கு கையெழுத்துகள் ஒரு சாலையைக் கட்டித் தந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அதன் மேல் எந்த மணிக்கு எத்தனை வண்டி வரும் என்பதை யார் கவனிப்பார்கள்? துறைமுகமும் சுங்கமும் மத்திய அரசின் வெவ்வேறு அமைச்சகங்களின் கீழ் வருகின்றன. முனையங்களை நடத்துவது தனியார். போக்குவரத்துக் காவல் மாநிலத்தின் கையில். துறைமுகத்துக்கு வெளியே சரக்கைப் பெட்டியில் அடைக்கவும் பிரிக்கவும் உள்ள கன்டெய்னர் சரக்கு நிலையங்களுக்குத் தனித்தனி முதலாளிகள். ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் ஆகும் நேரத்தை அளக்கிறார்கள். எல்லைகளுக்கு நடுவே, சாலையில் கழியும் நேரம் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. அது ஓட்டுநரின் படியிலும், ஒன்றிரண்டு வண்டி மட்டும் வைத்திருக்கும் உரிமையாளரின் மாதத் தவணையிலும்தான் போய் விடிகிறது. திட்டமிடல் கூட்டங்களில் ஏற்றுமதியாளர் சங்கம் இருக்கும், முகவர்கள் இருப்போம். டிரெய்லர் உரிமையாளர்களை நினைத்துக்கொள்வது பெரும்பாலும் வேலைநிறுத்த அறிவிப்பு வந்த பிறகுதான்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்களைப் பற்றி இங்கே சொல்லலாம். இரு நகரங்களும் கூட்டு ஆணையம் அமைத்து, சுமார் 32 கிலோமீட்டர் நீள அலமேடா சரக்கு ரயில் பாதையை 2002-இல் திறந்தன. அதற்கு வாங்கிய கடனை அடைக்கக் கன்டெய்னர்கள் மீது கட்டணம் விதிக்கப்பட்டது. அதைவிட எனக்குப் பாடமாக இருப்பது 2005-இல் தொடங்கிய பியர்பாஸ் ஏற்பாடு. பகலில் வரும் சரக்குக்குக் கட்டணம் வைத்து, இரவிலும் வாயிலைத் திறந்தார்கள். அதை நடத்தியது முனைய நிறுவனங்களே. கலிஃபோர்னியா மாநிலச் சட்டமன்றம் சட்டம் போட்டுவிடும் என்ற நெருக்கடிதான் அவர்களை அதற்குத் தள்ளியது. நல்லெண்ணத்துக்காகக் காத்திருந்தால் அது நடந்திருக்காது. ஆனால் மாலை ஆறு மணிக்குக் கட்டணம் நீங்கும் என்றதும் ஐந்து மணியிலிருந்தே லாரிகள் வெளியே வரிசை கட்டின. வரிசை ஒழியவில்லை, நேரம் மாறிக்கொண்டது. 2018-இல் பகல், இரவு இரண்டுக்கும் ஒரே கட்டணமாக்கி, முன்பதிவு முறைக்கு வந்தார்கள்.

நம்மிடமும் அதற்கான பொருள்கள் ஓரளவு இருக்கின்றன. துறைமுக வாயில்களில் மின்னணு அடையாள முறை வந்திருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில், துறைமுகமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் பங்குதாரர்களாக உள்ள நிறுவனத்தின் வழியே, 184 ஏக்கரில், சரக்கைச் சாலைக்கும் ரயிலுக்கும் இடையே மாற்றவும் சேமிக்கவும் ஒரு பல்முனைச் சரக்குப் பூங்கா திட்டமிடப்பட்டுள்ளது. ரயில் இணைப்பும் அந்தத் திட்டத்தில் உண்டு. என் தொழில் அனுபவத்தில், இத்தகைய பூங்காவின் பயன் கிடங்குகளின் பரப்பில் இல்லை. ஆவணம் முழுமையாகாத வண்டியை அங்கேயே நிறுத்தி, முறை வந்தபின் மட்டும் துறைமுகத்துக்கு விடும் அதிகாரம் யாருக்கு என்பதில்தான் இருக்கிறது. ஓட்டுநர் குளிக்கவும் படுக்கவும் இடம் வேண்டும் என்பதையும் வரைபடம் வரையும்போதே சேர்க்க வேண்டும். பிறகு சேர்ப்பதாகச் சொன்ன கழிப்பறைகள் எத்தனையோ வரைபடத்திலேயே நின்றுவிட்டன.

நாங்கள் எங்கள் அளவில் ஒன்று செய்தோம். எடைச் சான்றும், சுங்கத்துக்கான ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லும் கைக்கு வராமல் தொழிற்சாலையிலிருந்து வண்டியைக் கிளப்புவதில்லை என்று முடிவெடுத்தோம். முதல் மாதம் வாடிக்கையாளர்கள் இருவர் கோபித்துக்கொண்டார்கள். அதன்பின் பெரிய ஏற்றுமதியாளர் ஒருவரிடம், பெட்டி அடைக்கும் வேலையைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். தையல் முடிவதே புதன் மாலையில்தான் என்றார். அடுத்த பருவத்தில், மொத்தச் சரக்கில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் புதன் இரவில் அனுப்புவதற்கு ஒப்புக்கொண்டார். மீதி இன்னும் வெள்ளிக்கிழமைதான் வருகிறது.