வால் மறையும் வாரம்: தொட்டித் தவளைகளுக்கு ஏன் கரை வேண்டும்?

செட்டிநாட்டில் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால், ஊரணியில் கேட்கும் தவளைச் சத்தம் பின்கட்டுத் தோட்டத்துத் தொட்டியிலும் கேட்கும். கத்துவது ஆண்கள். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு நுரையீரல் காற்றைத் தொண்டைப் பைக்குத் தள்ளும். அதே காற்று நுரையீரலுக்குத் திரும்பும். அதனால்தான் மூச்சு வாங்காமல் அடுத்தடுத்துக் கத்த முடிகிறது. டார்ச் வெளிச்சம் பட்டால் அடங்கிவிடும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டி அசையாமல் உட்காருங்கள், மறுபடி தொடங்கும்.

பெண்ணின் முதுகில் ஏறி இறுகப் பிடித்திருக்கும் ஆணைப் பிரித்துவிடாதீர்கள். முட்டை வெளியே வரும்போதுதான் அது விந்தைப் பாய்ச்சும், கருவுறுவது தண்ணீரில்.

யார் வந்துபோனது என்பதை விடிந்ததும் முட்டையே சொல்லிவிடும். கறுப்பு மணி கோத்தது போன்ற வழுவழுப்பான சரம் செடித்தண்டில் சுற்றிக் கிடந்தால் சொறித்தவளை. தண்ணீர்மேல் மெல்லிய ஏடாகப் படர்ந்திருந்தால் பெரும்பாலும் குறுவாய்த் தவளை. தண்ணீருக்கு மேலே சுவரிலோ இலையிலோ வெள்ளை நுரை உருண்டை ஒட்டியிருந்தால் மரத்தவளை. பெண் தன் உடலில் சுரக்கும் திரவத்தைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கி அதற்குள் முட்டையிடும். மேற்புறம் காய்ந்து இறுகினாலும் உள்ளே ஈரம் காக்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து நழுவி நேரே கீழே விழும். அழுக்கென்று அதை வழித்தெறிவது பெரிய பாவம். வேறிடத்துக்கு மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் அடியில் தண்ணீர் இருக்கவேண்டும்.

கொசுவுக்காக விடும் கம்பூசியா மீன் முட்டை, தலைப்பிரட்டை இரண்டையும் தின்னும். தவளைத் தொட்டியில் மீனே வேண்டாம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாளாவது திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்றுங்கள். எலுமிச்சை மஞ்சளாக மாறிய பெரிய ஆண் தவளை கத்திய தொட்டியில் தலைப்பிரட்டைகள் மளமளவென்று குறைந்தால் நோயென்று பதற வேண்டாம். அந்த இனத்தின் தலைப்பிரட்டை மற்றவற்றைத் தின்று வளர்வது.

இத்தனையும் சரியாக இருந்தும் கடைசியில் தலைப்பிரட்டைகள் கொத்தாகச் செத்து மிதப்பதுண்டு. காரணம், ஏறி ஒதுங்கக் கரை இல்லாதது. பின்னங்கால் முளைத்து, முன்னங்காலும் வெளிவந்ததும் செவுள் மறைகிறது. இனி நுரையீரலை நம்பித்தான் மூச்சு. வாயும் உருமாறுவதால் இரை எடுக்காது. வால் கரைந்து தரும் சத்தில்தான் அந்த நாட்கள் ஓடும். ஒதுங்க இடமில்லாமல் நீந்திக்கொண்டே இருந்தால் களைத்து மூழ்கும். வழவழப்பான சிமென்ட் சுவரில் பிடிமானம் கிடையாது.

செம்புறாங்கல் துண்டுகளை ஒரு மூலையில் படியாக அடுக்குங்கள். அதன் சொரசொரப்பு இதற்கென்றே அமைந்தது. ஓர் அடி நீளத்துக்கு நான்கு அங்குலத்துக்கு மேல் ஏற்றம் வேண்டாம். வெளியேறும் இடத்தில் நிழலுக்கு நாலைந்து செடித்தொட்டிகளை வையுங்கள், மெல்லிய தோல் வெயிலில் சீக்கிரம் உலரும். படி நீர்மட்டத்தோடு நின்றுவிடாமல் தொட்டியின் அடிவரை இறங்கட்டும். மழை விட்டபின் தண்ணீர் வற்ற வற்ற, மேலே அடுக்கிய கல் எட்டாமல் போய்விடும்.