டர்பனில் ஆடிப்பட்டம் கிடையாது

இந்த ஜூலையில் தோட்டச் சந்தேகம் கேட்டு எனக்கு வந்த ஏழாவது போன் இது. "சார், நாப்பது வெண்டை விதை போட்டேன், மூணுதான் முளைச்சிருக்கு. விதைக்காரன் ஏமாத்திட்டான்." சரி, இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த் பக்கம்தானே என்று நேரில் போனேன். பாத்தி அருமையாக இருந்தது, எரு நன்றாக மக்கியிருந்தது. முளைக்காத ஒரு குழியை விரலால் கிளறி விதையை எடுத்தேன். ஊதிப்போய் வழவழவென்று இருந்தது. லேசாக அழுத்தியதும் சாம்பல் நிறக் கூழ் பிதுங்கியது. காலை எட்டு மணிக்குத் தெர்மாமீட்டரை மண்ணில் குத்தினால் 14 டிகிரி. வெண்டைக்குக் குறைந்தது 18, 20 ஆவது வேண்டும். விதைக்காரன் மேல் ஒரு தப்பும் இல்லை.

"ஏன் இப்ப விதைச்சீங்க?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். சமையலறைச் சுவரில் தமிழ்க் காலண்டர் தொங்குகிறது. "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்வாங்களே சார்."

சொல்வார்கள். சொன்னவர்கள் காவிரிக்கரையில் இருந்தார்கள். அங்கே ஆடியில் ஆற்றில் புதுத்தண்ணீர் வரும், வெயிலின் உக்கிரம் குறையும், பின்னாலேயே ஐப்பசி, கார்த்திகை மழை காத்திருக்கும். விதைக்கு வேண்டிய சூடும் ஈரமும் சேர்ந்து கிடைப்பதால் அது பட்டம். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே, கிட்டத்தட்ட 30 டிகிரியில். இங்கே ஆடி என்றால் நடுக்குளிர்காலம். ராத்திரியில் 11, 12 டிகிரிக்கு இறங்கும். வருஷத்திலேயே மழை குறைந்த மாதங்களும் இவைதான். காலண்டரில் பேர் ஒன்றுதான், வானம் வேறு. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுங்கள், நானும் வருகிறேன். விதை மட்டும் ஊன்றாதீர்கள்.

தைப்பட்டத்துக்கும் இதே கதை. காவடி எடுக்கும்போது தார் ரோட்டில் கால் பொசுங்குகிறதே, அந்த வெக்கையில் கொத்தமல்லி விதைத்தால் நாலு இலை விட்டதும் பூத்துவிடும். பிறகு "மண்ணு சரியில்ல" என்று எனக்குப் போன்.

அப்படியானால் நமக்குப் பட்டம் எது? புரட்டாசி. சனிக்கிழமை விரதமும் மரக்கறிச் சாப்பாடுமாக இருக்கிறோமே, அதே மாதம். செப்டம்பர் நடுவில் மண் சூடேறத் தொடங்கும், மழையும் ஆரம்பிக்கும். மார்ச் வரை பெய்யும். வெண்டை, கத்தரி, மிளகாய், பாகல், சுரை, பீன்ஸ் எல்லாம் அப்போது. முட்டைக்கோஸ், காலிபிளவர், கேரட், பட்டாணி, வெந்தயக்கீரை, கொத்தமல்லிக்குப் பங்குனி, சித்திரை. கடலோரத்தில் உறைபனி கிடையாது, குளிர்காலத்திலும் பாத்தி சும்மா கிடக்க வேண்டியதில்லை. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருப்பவர்கள் என் தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, செப்டம்பரிலும் பனி விழலாம். அக்டோபர் நடுப்பகுதி வரை பொறுங்கள்.

ஊரிலிருந்து பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரும் கொடி அவரை தனி வம்பு. முதலில், இறக்குமதி அனுமதி இல்லாமல் விதை கொண்டுவருவது குற்றம். ஏர்போர்ட்டில் பிடித்தால் போயிற்று. தப்பி வந்தாலும், அந்தப் பழைய ரகம் பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். இங்கே டிசம்பரில் பகல் சுமார் 14 மணி நேரம். செப்டம்பரில் ஊன்றியவர் ஆறேழு மாதம் பந்தல் நிறைய இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்று, வெயில். இங்கே சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து போகும். ஜூன் 21 நண்பகலில் 2 மீட்டர் சுவருக்கு 2.7 மீட்டர் நிழல், அதுவும் தெற்கே. வீட்டுக்குத் தெற்கில் பாத்தி போட்டுவிட்டுக் குளிர்காலக் கேரட் வரவில்லை என்று உரத்தைக் கொட்டாதீர்கள். பந்தலையும் உயரமான செடிகளையும் தெற்கு ஓரத்தில் வையுங்கள், குட்டைச் செடிகள் வடக்கே.

இதை எல்லாம் எனக்கு முன்னாலேயே தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். 1860 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களில் பலர் ஒப்பந்தம் முடிந்ததும் காய்கறி போட்டுத்தான் பிழைத்தார்கள். பக்கத்துத் தெரு ஆயாவின் அப்பாவும் காய்கறித் தோட்டக்காரர். ஆயாவிடம் தெர்மாமீட்டரைக் காட்டினேன், சிரித்துவிட்டார். "காலைல செருப்பக் கழட்டிட்டு மண்ணுல நில்லு. கால் சில்லுன்னு இழுத்தா வீட்டுக்குள்ள போயிடு." நான் தோட்டக்கலை படிக்க நாலு வருஷம் ஆனது.

குரங்குகள் பற்றி எல்லாரும் கேட்கிறீர்கள். தக்காளி லேசாக நிறம் மாறியதுமே பறித்து உள்ளே பழுக்க வையுங்கள், மற்றதுக்கு வலை போடுங்கள். விஷம் வைப்பேன் என்று மட்டும் பேச்சு எடுக்காதீர்கள்.

விஷம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். புழுவுக்கு என்று தெருவில் சின்னப் பொட்டலத்தில் விற்கும் கறுப்புக் குருணையைப் பாத்தியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு வீட்டில் கீரைப் பாத்திக்குள்ளேயே பார்த்தேன், பக்கத்தில் பேரப்பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தது. அது பெரும்பாலும் ஆல்டிகார்ப், இல்லாவிட்டால் டெர்புபாஸ். இரண்டுமே கொடிய பூச்சிக்கொல்லிகள். வேர் வழியாக இலைக்கே ஏறும். எத்தனை முறை கழுவினாலும் போகாது. 2024 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கின் சொவேட்டோவில் ஆறு குழந்தைகளைக் கொன்றது இந்த டெர்புபாஸ்தான். லேபிள் இல்லாத எதையும் சாப்பிடும் செடிக்குப் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நாற்றை வெட்டும் புழு ராத்திரியில்தான் வெளியே வரும். டார்ச் எடுத்துப் போய்ப் பொறுக்குங்கள், இளந்தண்டைச் சுற்றி அட்டை வளையம் வையுங்கள். பத்து நாள் வேலை, அவ்வளவுதான்.

வெண்டைக்காரரிடம் மீதி விதையை டப்பாவில் போட்டு மூடி, மூடியில் "புரட்டாசி" என்று எழுதச் சொன்னேன். மற்றவர்களும் போன் செய்யுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் முளைக்காத பாத்தியைப் படம் எடுத்து அனுப்பும்போது, அதில் ஒரு தெர்மாமீட்டரையும் குத்தி வைத்து எடுங்கள்.