உங்கள் வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் மட்டும் ரத்தம் எடுப்பது ஏன்? செரோ சர்வே விளக்கம்

சுகாதாரப் பணியாளர்கள் தெருவுக்குள் வருகிறார்கள். ஒரு வீட்டில் கையெழுத்து வாங்கி, ஒரே ஒருவருக்கு மட்டும் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறார்கள். எதிர் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "அப்படியே எனக்கும் பார்த்துடுங்க தம்பி, போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்துச்சு" என்கிறார். "உங்க வீடு வரலைங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அவரைச் சேர்த்துக்கொண்டால் சர்வே கெட்டுவிடும்.

செரோ சர்வே சிகிச்சைத் திட்டம் அல்ல. ஊரில் எத்தனை பேருக்குக் கிருமி வந்து போயிருக்கிறது என்று அரசு போடும் கணக்கு அது. கொரோனா காலத்தில் தினமும் மாலையில் வெளியான பாதிப்பு எண்ணிக்கையில், மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து உறுதியானவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். அறிகுறியே இல்லாமல் தொற்று வந்து போனவரும், ரெண்டு நாள் மாத்திரை போட்டுப் படுத்து எழுந்தவரும் அதில் இல்லை. ஆனால் அவர்கள் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. வகை ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம், இருக்கும். தொற்று வந்து ஏறக்குறைய 2 வாரம் கழித்து அது சோதனையில் தெரிய ஆரம்பிக்கும். செரோ சர்வே தேடுவது அதைத்தான்.

சென்னைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2020 ஜூலையில் மாநகராட்சியும், அயப்பாக்கத்தில் உள்ள, ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து 12,405 பேரிடம் ரத்தம் எடுத்தன. 21.5 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 67 லட்சம் பேர். பெருக்கிப் பாருங்கள், 14 லட்சத்தைத் தாண்டுகிறது. அந்த மாதக் கடைசி வரை பரிசோதனையில் உறுதியானவர்களோ சுமார் 1 லட்சம்தான். கணக்கில் வந்தவர் ஒருவர் என்றால் வராதவர் பதின்மூன்று பேர்!

சரி, 12,405 பேரை வைத்து 67 லட்சம் பேரைப் பற்றிப் பேசலாமா? பேசலாம், ஆளை நாமாகப் பொறுக்காமல் இருந்தால். ஐ.சி.எம்.ஆர். 2020 மே, ஜூனில் நடத்திய முதல் தேசிய சர்வேயில் மாவட்டத்துக்கு 10 கிராமம் அல்லது வார்டு, ஒவ்வொன்றிலும் 40 பேர் என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு வார்டுக்குள் குலுக்கல் முறையில் 4 இடம், இடத்துக்குப் பத்துப் பேர், வீட்டுக்கு ஒருவர். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருவண்ணாமலை மாவட்டங்கள் தேர்வாகின. காய்ச்சல் வந்தவர்களெல்லாம் தாங்களாக முன்வந்து கொடுத்தால் சதவீதம் எகிறிவிடும். அதனால்தான் எதிர் வீட்டுக்காரருக்கு இல்லை என்றது. இந்த முறையிலும் ஓட்டை உண்டு. காலை பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் வேலைக்குப் போனவர் எப்படி இருப்பார்? வீட்டில் இருக்கும் பெரியவர்தான் கையை நீட்டுவார். அதனால் வயது, ஆண் பெண் விகிதம் பார்த்து அப்புறம் கணக்கைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

சோதனைக் கருவியும் தப்புச் செய்யும். தொற்று வராத 100 பேரில் 2 பேருக்கு 'இருக்கிறது' என்று காட்டும் கருவி நல்ல கருவிதான். ஆனால் 1,000 பேரில் 10 பேருக்குத்தான் உண்மையில் வந்திருக்கிறது என்றால், மீதி 990 பேரில் ஏறக்குறைய 20 பேரை அது தவறாகச் சேர்த்துவிடும். சரியானது பத்து, தவறானது இருபது! அந்த முதல் தேசிய சர்வேயில் இதற்காகவே, முதல் கருவியில் பாசிட்டிவ் வந்த ரத்தத்தை வேறொரு கருவியிலும் போட்டுப் பார்த்தார்கள். 28,000 பேரில் இரண்டிலும் பாசிட்டிவ் வந்தவர்கள் 157 பேர். கருவிப் பிழையையும் மக்கள்தொகையையும் கணக்கில் எடுத்து அறிவித்த விகிதம் 0.73 சதவீதம்.

ஒரு நகரத்துக்கு ஒரே சதவீதம் சொன்னால் நான் முழுதாக நம்ப மாட்டேன். மும்பையில் 2020 ஜூலையில் மூன்று வார்டுகளில் பார்த்தபோது குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம், மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம். அதே வார்டு, அதே மாதம். பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்பவரும் தனி வீட்டுக்காரரும் ஒரே நகரத்தில் இருந்தார்கள் என்று சராசரி சொன்னால் அதில் என்ன பயன்?

இந்த விகிதம் ஏறிக்கொண்டேதான் போக வேண்டும் என்றும் இல்லை. தமிழ்நாடு முழுக்க எடுத்த சர்வேயில் 2020 அக்டோபர், நவம்பரில் சுமார் 32 சதவீதம் இருந்தது, 2021 ஏப்ரலில் 23 சதவீதம் ஆனது. வந்த தொற்று வராமல் போகுமா? மாதங்கள் ஓட ஓட ஆன்டிபாடி குறைந்து, சிலருக்குக் கருவியின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அதன் பிறகு இரண்டாம் அலையும் தடுப்பூசியும் சேர்ந்து, 2021 ஜூன், ஜூலையில் 66 சதவீதத்தைத் தொட்டது. தொற்றால் எவ்வளவு, ஊசியால் எவ்வளவு என்று பிரிப்பது சுலபமல்ல. கோவிஷீல்டு போட்டவருக்குக் கிருமியின் முள் பகுதிக்கு எதிரான ஆன்டிபாடி மட்டும் வரும் என்பதால், உள்ளே இருக்கும் வேறொரு புரதத்துக்கான ஆன்டிபாடியைத் தேடினால் தொற்று வந்ததா என்று ஓரளவு தெரியும். கோவாக்சின் முழுக் கிருமியைச் செயலிழக்கச் செய்து தயாரித்தது என்பதால் இந்த வழி அங்கே உதவாது.

உங்கள் வீடு தேர்வானால்: கட்டாயம் கிடையாது. எதற்காக எடுக்கிறார்கள் என்று விளக்கிச் சம்மதம் கேட்க வேண்டும். மறுக்கலாம், ஒப்புக்கொண்ட பிறகும் விலகலாம். அதற்காக உங்களுக்குக் கிடைக்க வேண்டிய மருத்துவ வசதி எதையும் நிறுத்தக் கூடாது. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும், 7 வயதைத் தாண்டிய பிள்ளையிடமும் கேட்க வேண்டும். ஆன்டிபாடி இருக்கிறது என்று வந்தால், இப்போது உங்களுக்குத் தொற்று இருக்கிறது என்று பொருளல்ல, இனி வராது என்ற உத்தரவாதமும் அல்ல. கையெழுத்துப் போட்ட படிவத்தில் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மிச்ச ரத்தத்தை வேறு ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்வார்களா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.