பத்து வயதில் ஸோன் டிபென்ஸ் வேண்டாம்

பள்ளிகளுக்கு இடையிலான சிறுவர் கூடைப்பந்துப் போட்டிகளில் அடிக்கடி பார்க்கிறேன்: முன்னால் இரண்டு பேர், ரிங்குக்கு அடியில் மூன்று பேர் என்று 2-3 ஸோன் போட்டு, ஆளைத் தொடராமல் ஆளுக்கொரு இடத்தைக் காத்து நிற்கிறார்கள். அந்த வயதில் தூரத்திலிருந்து பந்து போடக் கையில் வலு இருக்காது. உள்ளே அடைத்துவிட்டால் ஆட்டம் கையில். கோப்பையும் கிடைக்கும். ஆனால் அந்தப் பிள்ளைகள் தனக்கென்று ஒரு ஆளைப் பொறுப்பெடுத்துத் தடுக்கக் கற்காமலே வளர்ந்துவிடுகிறார்கள். 16 வயதில், வெளியிலிருந்து போடத் தெரிந்த இரண்டு பேர் எதிரே வந்தால் திணறிப்போகிறார்கள். முதலில் ஆளுக்கு ஆள் தடுக்கும் மேன் டு மேன்தான் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கால்கள் பின்னிக்கொள்ளாமல் பக்கவாட்டில் நகர்வதைப் பிள்ளைகள் சீக்கிரமே பிடித்துக்கொள்வார்கள். கஷ்டம், பந்து மறுபக்கம் இருக்கும்போதுதான். அப்போது ஒரு கையைப் பந்தை நோக்கியும் இன்னொரு கையைத் தன் ஆளை நோக்கியும் நீட்டச் சொல்வேன். தலையைத் திருப்பாமல் இரண்டையும் பார்க்க முடிந்தால் நிற்கும் இடம் சரி. பந்து தூரப் போகப் போக ரிங் பக்கம் உள்ளே வர வேண்டும். தோழனைத் தாண்டி யாராவது உள்ளே வந்தால் மறிக்க வேண்டும். தன் ஆளுக்குப் பாஸ் கிளம்பினால், பந்து காற்றில் இருக்கும்போதே ஓட வேண்டும். அவன் பிடித்த பிறகு கிளம்பினால் நேரம் கடந்துவிடும்.

தாக்குதலில் பெரிய சிக்கல், எல்லோரும் பந்தை ஈ மாதிரி மொய்ப்பது. பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒரே ஒரு தடுப்பாளர் இரண்டு பேரைப் பார்த்துக்கொள்ள முடியும். நான்கைந்து மீட்டர் தள்ளி நின்றால் முடியாது. இதை வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம். மூன்றுக்கு மூன்று ஆட்டம் வையுங்கள். டிரிப்ளிங், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு நகர்வது, கூடாது என்று சொல்லிவிடுங்கள். பாஸ் கொடுத்தவன் ரிங்கை நோக்கி வெட்டி ஓட வேண்டும். பந்து திரும்பி வந்தால் லே-அப் (ஓடிவந்து ரிங்குக்குப் பக்கத்தில் எழும்பிப் போடுவது), வராவிட்டால் காலியான மூலைக்குப் போக வேண்டும். அவன் விட்டுப்போன இடத்தை அடுத்தவன் நிரப்ப வேண்டும். முதலில் ஒரே குழப்பமாக இருக்கும். அப்புறம் பந்து இல்லாதவனும் கண்ணை அகலத் திறந்து இடம் தேட ஆரம்பிப்பான். எனக்கு இதைப் பார்ப்பதுதான் பெரிய சந்தோஷம்.

சரி, பந்தையும் கவனியுங்கள். 12 வயது வரை மினி கூடைப்பந்துக்கு 5-ஆம் எண் பந்து, ரிங் உயரம் 3.05 மீட்டருக்குப் பதில் 2.60 மீட்டர். ஆண்கள் ஆடும் பெரிய 7-ஆம் எண் பந்தைக் கொடுத்தால் பிள்ளை இடுப்பிலிருந்து தூக்கி எறியத்தான் பழகும். ரிங்கை இறக்க வசதி இல்லாத பள்ளிகள் பந்தையாவது மாற்றலாம்.

போட்டி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் பிரிவில் ஸோன் கூடாது என்று விதியில் ஒரு வரி சேருங்கள். எதிரணியும் ஸோன் போடாது என்று தெரிந்தால், மேன் டு மேன் சொல்லிக்கொடுக்கப் பயிற்சியாளர்களுக்கு இருக்கும் தயக்கம் போய்விடும்.